யாழ்ப்பாணக் கல்லூரிகளின் பெருந்துடுப்பாட்டப் போட்டிகள்

யாழ்ப்பாணக் கல்லூரிகளின் பெருந்துடுப்பாட்டப் போட்டிகள் என்பன இலங்கையின் வடபகுதியிலுள்ள யாழ்ப்பாண நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் அமைந்த கல்லூரிகளுக்கிடையே ஆண்டுதோறும் நடைபெறும் துடுப்பாட்டப் (கிரிக்கெட்) போட்டிகள் ஆகும். ஒவ்வொரு போட்டியிலும் குறிப்பிட்ட இரண்டு கல்லூரிகள் மட்டுமே பங்குபற்றுகின்றன. ஆண்டு மாறினாலும் எதிரணி மாறுவதில்லை என்பதே இவற்றின் முதன்மையான பண்பு. இவற்றுள் மிகப் பழமையானது யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904 ஆம் ஆண்டில் தொடங்கிய போட்டியாகும். இது வடக்கின் பெரும் சமர் என அழைக்கப்படுகிறது. சென் பற்றிக்ஸ் கல்லூரிக்கும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையிலான பொன் அணிகளின் போர் 1917 ஆம் ஆண்டில் தொடங்கியது.

இப்போட்டிகள் வழமையாக ஆண்டின் முதற் காலாண்டில், பெரும்பாலும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் இடம்பெறுகின்றன. இலங்கை உள்நாட்டுப் போரினால் சில ஆண்டுகளில் தடைப்பட்டபோதிலும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இவை தொடர்ந்து வந்துள்ளன.

பெயர்

இலங்கையில் இத்தகைய போட்டிகளைப் பேச்சு வழக்கில் "பிக் மட்ச்" என்பர். எழுத்து வழக்கில், குறிப்பாக யாழ்ப்பாண நாளிதழ்களில், பெரும் சமர், பெரும் போர், மாபெரும் துடுப்பாட்டப் போட்டி ஆகிய பெயர்கள் வழங்குகின்றன. கொழும்பு ரோயல் கல்லூரிக்கும் கல்கிசை சென் தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான போட்டி "நீலங்களின் சமர்" எனப்படுவதைப் போன்றே, ஏனைய போட்டிகளும் அணிகளின் நிறத்தையோ, பாடசாலைகளின் சமயச் சார்பையோ, ஊரையோ அடிப்படையாகக் கொண்டு பெயர் பெற்றுள்ளன.

போர், சமர் ஆகிய சொற்கள் 1980களுக்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் நேர்ப்பொருளிலேயே நாள்தோறும் பயன்பட்டவை. உண்மையான போர் முடிவுற்ற பின்னரும் விளையாட்டுப் போட்டிகளுக்கு இப்பெயர்களே நிலைத்துள்ளன.

பின்னணி

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல கிறித்தவ மிசன்கள் தனித்தனியே பாடசாலைகளை நிறுவின. வெசுலியன் மெதடிசுத மிசன் 1816 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நகரில் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையே பிற்காலத்தில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியாக வளர்ந்தது. 1834 ஆம் ஆண்டில் பீட்டர் பேர்சிவல் பாதிரியார் காலத்தில் இதற்கு மத்திய பாடசாலை என்னும் பெயர் வழங்கப்பட்டது. ஆறுமுக நாவலர் கல்வி கற்றதும் பின்னர் ஆசிரியராகப் பணிபுரிந்ததும் இப்பாடசாலையிலேயே ஆகும்.

இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த சேர்ச் மிசன் சங்கம் 1823 ஆம் ஆண்டில் நல்லூரில் ஓர் ஆங்கிலப் பாடசாலையைத் தொடங்கியது. இது பின்னர் சுண்டுக்குழிக்கு இடம் மாற்றப்பட்டு, 1891 ஆம் ஆண்டு முதல் பரியோவான் கல்லூரி எனப் பெயர் பெற்றது. அதே 1823 ஆம் ஆண்டில் அமெரிக்க மிசன் வட்டுக்கோட்டையில் நிறுவிய குருமடம் 1855 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதன் மரபைத் தொடர்ந்து 1872 ஆம் ஆண்டில் அங்கு யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது. கத்தோலிக்கத் திருச்சபையின் கல்வி முயற்சியில் சென் பற்றிக்ஸ் கல்லூரி உருவானது. மிசன் பாடசாலைகளுக்கு மாற்றாகச் சைவ சமயத்தவர் மேற்கொண்ட முயற்சியின் விளைவாக யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி 1890 ஆம் ஆண்டில் சைவ பரிபாலன சபையின் பொறுப்பில் வந்தது. கொக்குவில் இந்துக் கல்லூரியும் தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியும் 1910 ஆம் ஆண்டில் தோன்றியவை.

இவ்வாறு ஒரு சிறு குடாநாட்டில், சில மைல் தொலைவுக்குள், வெவ்வேறு சமயப் பிரிவுகளைச் சார்ந்த பல கல்லூரிகள் அருகருகே அமைந்தன. மாணவரைச் சேர்ப்பதிலும் தேர்வுப் பெறுபேறுகளிலும் அவற்றுக்கிடையே இருந்த போட்டி விளையாட்டுத் திடலுக்கும் பரவியது.

இலங்கையில் பாடசாலைத் துடுப்பாட்டம்

துடுப்பாட்டம் பிரித்தானியர் வழியாக இலங்கைக்கு வந்த விளையாட்டாகும். பாடசாலைகளுக்கிடையிலான ஆண்டுப் போட்டி மரபு 1879 ஆம் ஆண்டில் கொழும்பில் தொடங்கியது. அவ்வாண்டில் கொழும்பு அக்கடமிக்கும் (1881 முதல் ரோயல் கல்லூரி) சென் தோமஸ் கல்லூரிக்கும் இடையே காலிமுகத் திடலில் நடைபெற்ற ஆட்டத்தில் ஆசிரியர்களும் மாணவருடன் சேர்ந்து ஆடினர். 1880 ஆம் ஆண்டு முதல் மாணவர் மட்டுமே ஆடினர். கண்டியில் தர்மராஜா கல்லூரி, கிங்சுவூட் கல்லூரி ஆகியவற்றின் போட்டி 1893 ஆம் ஆண்டிலும், காலியில் றிச்மண்ட் கல்லூரி, மகிந்த கல்லூரி ஆகியவற்றின் போட்டி 1905 ஆம் ஆண்டிலும் தொடங்கின. 1904 ஆம் ஆண்டில் தொடங்கிய வடக்கின் பெரும் சமர் காலிப் போட்டியைவிட ஓராண்டு மூத்தது. தலைநகருக்கு வெளியே தோன்றிய இத்தகைய போட்டிகளுள் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்றாகும்.

யாழ்ப்பாணத்துக்கான தொடருந்துப் பாதை இக்காலத்திலேயே அமைக்கப்பட்டது. காங்கேசன்துறை முதல் கொழும்பு வரையான பாதை 1905 ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. யாழ்ப்பாணத்தில் கற்றுக் கொழும்பில் அரச பணியில் அமர்ந்தோர் ஊருக்கு வந்து செல்வதை இது எளிதாக்கியது. பழைய மாணவர் போட்டி நாளில் ஊர் திரும்பும் வழக்கம் உருவாக இத்தகைய போக்குவரத்து துணைபுரிந்தது.

வடக்கின் பெரும் சமர்

மத்திய கல்லூரி யாழ்ப்பாணக் கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் அண்மையில் அமைந்துள்ளது. பரியோவான் கல்லூரி அதற்குக் கிழக்கே சுண்டுக்குழியில், கண்டி வீதிப் பகுதியில் உள்ளது. இரண்டுக்கும் இடையிலான தொலைவு மிகக் குறைவு. இதனால் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில், இரு கல்லூரிகளின் மாணவரும் இருப்பது இயல்பு. 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது மத்திய கல்லூரி அரச பாடசாலையானது. பரியோவான் கல்லூரி தனியார் பாடசாலையாகவே தொடர்ந்தது. நிருவாக அமைப்பு வேறுபட்டபோதிலும் போட்டி மரபு மாறவில்லை.

ஆட்ட முறை

தற்காலத்தில் இப்போட்டி மூன்று நாட்கள் நடைபெறுகிறது. ஒவ்வோர் அணியும் இரண்டு தடவைகள் துடுப்பெடுத்தாடலாம். ஓர் அணி வெற்றி பெற வேண்டுமாயின், எதிரணியைவிடக் கூடுதலான ஓட்டங்களைப் பெறுவது மட்டும் போதாது. குறித்த நேரத்துக்குள் எதிரணியின் ஆட்டத்தை முடிவுக்குக் கொண்டுவரவும் வேண்டும். அவ்வாறு இயலாதபோது போட்டி வெற்றி தோல்வியின்றி முடிவடையும். எனவே பின்தங்கிய அணி, வெற்றிவாய்ப்பு இல்லாத நிலையிலும், கடைசி இணையைக் கொண்டு நேரம் முடியும்வரை தாக்குப்பிடித்துத் தோல்வியைத் தவிர்க்கலாம்.

துடுப்பாட்ட விதிகளின்படி, மூன்று நாள் போட்டியில் முதலில் ஆடிய அணி 150 அல்லது அதற்கு மேற்பட்ட ஓட்டங்களால் முன்னிலை பெற்றால், எதிரணியை உடனடியாக மீண்டும் ஆடுமாறு பணிக்கலாம். இரண்டு நாள் போட்டிக்கு இவ்வெல்லை 100 ஓட்டங்களாகும். போட்டி நாட்கள் கூடும்போது முடிவு கிடைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. கொழும்பில் ரோயல்–தோமியப் போட்டியும் 1979 ஆம் ஆண்டில், அதன் நூற்றாண்டு வேளையில், மூன்று நாள் போட்டியாக மாற்றப்பட்டது.

அண்மைக் காலத்தில் மரபுவழிப் போட்டியுடன், மட்டுப்படுத்தப்பட்ட ஓவர்களைக் கொண்ட ஒருநாள் போட்டியும் இருபது ஓவர் போட்டியும் சேர்த்து நடத்தப்படுகின்றன. ஆயினும் "பெரும் சமர்" என்னும் பெயர் மரபுவழிப் போட்டியையே குறிக்கிறது.

ஆடுகளம்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைத் திடல்களில் நீண்டகாலமாகப் பாய்விரிப்பு ஆடுகளங்களே பயன்பட்டு வந்தன. கடினமான தளத்தின் மீது தென்னை நார் முதலியவற்றால் ஆன விரிப்பை இழுத்துக் கட்டி இவ்வாடுகளம் அமைக்கப்படுகிறது. புற்றரை ஆடுகளத்தைப் பேணுவதற்கு உரிய களிமண், தொடர்ச்சியான நீர்ப்பாசனம், உருளை, பயிற்சி பெற்ற பணியாளர் ஆகியன தேவை. ஆறுகளற்ற, சுண்ணாம்புக்கற் பாங்கான யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தடி நீரே முதன்மை நீர்வளம் என்பதால் இது எளிதன்று.

பாய்விரிப்பில் பந்து சீராகவும் சற்று உயரமாகவும் எழும். நாட்கள் செல்லச் செல்ல ஆடுகளம் தேய்வதும் வெடிப்பதும் இல்லை. புற்றரையில் மூன்றாம் நாளில் சுழற்பந்து வீச்சாளருக்குக் கிடைக்கும் உதவி இங்கு அதே வகையில் கிடைப்பதில்லை. இவ்வாறான தளத்தில் பழகிய வீரர்கள் தெற்கில் புற்றரை ஆடுகளத்தில் ஆட நேரும்போது, தாழ்ந்து வரும் பந்துக்கும் ஊசலாடும் பந்துக்கும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. வடபகுதி வீரர்கள் தேசிய மட்டத்தில் அரிதாகவே இடம்பெற்றமைக்குக் கூறப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

பொன் அணிகளின் போர்

1917 ஆம் ஆண்டில் தொடங்கிய இப்போட்டி சென் பற்றிக்ஸ் கல்லூரிக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையில் நடைபெறுகிறது. இரு கல்லூரிகளின் நிறங்களிலும் பொன்னிறம் இடம்பெறுவதால் இப்பெயர் ஏற்பட்டது. முன்னது நகருக்குள்ளும் பின்னது நகருக்கு வடமேற்கே வட்டுக்கோட்டையிலும் அமைந்துள்ளமையால், இப்போட்டி நகரையும் வலிகாமத்தின் மேற்குப் பகுதியையும் இணைப்பதாக உள்ளது. அண்மை ஆண்டுகளில் இது பெரும்பாலும் சென் பற்றிக்ஸ் கல்லூரித் திடலில் இடம்பெற்றுள்ளது. கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றும் அமெரிக்க மிசன் மரபில் வந்த கல்லூரி ஒன்றும் இதில் எதிரணிகளாக உள்ளன. வடக்கின் பெரும் சமரிலும் மெதடிசுத, அங்கிலிக்கன் மரபுகளைச் சேர்ந்த கல்லூரிகளே மோதுகின்றன.

ஏனைய போட்டிகள்

யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கும் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கும் இடையிலான போட்டி இந்துக்களின் போர் எனப்படுகிறது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி கொழும்பு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியுடனும் ஆடி வருகிறது. ஒரே நகருக்குள் அடங்காமல் வடக்கையும் தலைநகரையும் இணைக்கும் போட்டி என்னும் வகையில் இது தனித்தன்மை கொண்டது. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிக்கும் கந்தரோடை ஸ்கந்தவரோதயாக் கல்லூரிக்கும் இடையிலான போட்டி வீரர்களின் போர் என்னும் பெயரால் அறியப்படுகிறது.

போர்க்காலம்

1981 ஆம் ஆண்டு மே 31 இரவில் தொடங்கிய வன்முறையின்போது மத்திய கல்லூரிக்கு அயலிலுள்ள யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. 1983 ஆம் ஆண்டுக்குப் பின்னர் குடாநாட்டில் போர் தீவிரமடைந்தது. கோட்டையில் இராணுவ முகாம் இருந்தமையால் அதனைச் சூழ்ந்த பகுதி தொடர்ந்து தாக்குதலுக்கு உள்ளானது. மத்திய கல்லூரியின் கட்டடங்களும் சேதமுற்றன.

இக்காலத்தில் துடுப்பாட்டத்துடன் தொடர்புடைய மிகத் துயரமான நிகழ்வு 1985 ஆம் ஆண்டில் இடம்பெற்றது. பரியோவான் கல்லூரியின் அதிபர் சி. ஈ. ஆனந்தராஜன் அவ்வாண்டு சூன் 26 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அரசுக்கும் தமிழ் இயக்கங்களுக்கும் இடையே போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்தது. மாணவருக்கும் இராணுவத்தினருக்கும் இடையே நட்புமுறைத் துடுப்பாட்டப் போட்டி ஒன்றை ஏற்பாடு செய்தமையே கொலைக்குக் காரணம் எனப் பல பதிவுகள் கூறுகின்றன. கொலைக்குத் தமிழீழ விடுதலைப் புலிகள் பொறுப்பு எனவும் அவை குறிப்பிடுகின்றன. யாருடன் விளையாடுவது என்பதே உயிரைப் பறிக்கக்கூடிய கேள்வியாக மாறியிருந்த காலத்தை இந்நிகழ்வு காட்டுகிறது.

1987 ஆம் ஆண்டு ஒக்டோபரில் இந்திய அமைதி காக்கும் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே யாழ்ப்பாண நகரில் போர் மூண்டது. 1990 ஆம் ஆண்டில் மீண்டும் போர் வெடித்தபோது வவுனியாவுக்கு வடக்கே தொடருந்துப் போக்குவரத்து நின்றது. எரிபொருள், மின்கலம் உள்ளிட்ட பல பொருட்கள் குடாநாட்டுக்குள் வருவது தடை செய்யப்பட்டது. மின்சாரமும் இல்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஏறத்தாழ முழுமையாகத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தனர். கல்லூரிகளும் அவர்களுடன் இடம்பெயர்ந்தன. 1996 ஆம் ஆண்டில் மக்களில் ஒரு பகுதியினர் திரும்பிய பின்னரே நகரின் பாடசாலைகள் மீண்டும் இயங்கின.

போட்டிகளுக்கு இடப்பட்ட வரிசை எண்கள் இவ்விடைவெளிகளைப் பதிவு செய்கின்றன. 1904 ஆம் ஆண்டு முதல் ஆண்டுக்கொரு போட்டி தடையின்றி நடந்திருப்பின், 2020 ஆம் ஆண்டில் நடந்தது 117 ஆவது போட்டியாக இருந்திருக்கும். ஆனால் அவ்வாண்டு நடைபெற்றது 114 ஆவது போட்டியாகும். அதாவது, குறைந்தது மூன்று ஆண்டுகளிலேனும் வடக்கின் பெரும் சமர் இடம்பெறவில்லை. போர்க்காலத்தின் நீளத்துடன் ஒப்பிட்டால் இவ்வேறுபாடு சிறியதே ஆகும்.

போருக்குப் பின்னர்

2002 ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஏற்பட்ட போர்நிறுத்த உடன்படிக்கையைத் தொடர்ந்து ஏ9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. வெளிநாடுகளில் வாழ்ந்த பழைய மாணவர் பலர் நீண்ட காலத்தின் பின் போட்டியைக் காணும் வாய்ப்பைப் பெற்றனர். 2006 ஆம் ஆண்டு ஆகத்தில் நெடுஞ்சாலை மீண்டும் மூடப்பட்டது. 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவடைந்தது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கான தொடருந்துச் சேவை மீண்டும் தொடங்கியது.

2021 ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றினால் வடக்கின் பெரும் சமர் நடைபெறவில்லை. 115 ஆவது போட்டி 2022 ஆம் ஆண்டிலும், 117 ஆவது போட்டி 2024 ஆம் ஆண்டிலும், 118 ஆவது போட்டி 2025 ஆம் ஆண்டிலும் இடம்பெற்றன.

இப்போட்டிகளின் வழியாக உருவான வீரர்களுள் மத்திய கல்லூரியைச் சேர்ந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் குறிப்பிடத்தக்கவர். சுழற்பந்து வீச்சாளரான இவர் 2020 ஆம் ஆண்டில் லங்கா பிரீமியர் லீக் தொடரில் யாழ்ப்பாண அணிக்காக ஆடினார். 2023 ஆம் ஆண்டு ஆங்சௌ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கை அணிக்காகவும், 2024 ஆம் ஆண்டில் இந்திய பிரீமியர் லீக் தொடரில் ஐதராபாத் அணிக்காகவும் ஆடினார். 2025 ஆம் ஆண்டு செப்டெம்பரில் யாழ்ப்பாண நகருக்கு அண்மையிலுள்ள மண்டைதீவில் பன்னாட்டுத் துடுப்பாட்ட அரங்கு ஒன்றை அமைக்கும் பணி தொடங்கி வைக்கப்பட்டது.

பார்வையாளரும் பழைய மாணவரும்

போட்டி நாட்களில் திடலைச் சுற்றிக் கல்லூரி நிறங்களில் கொடிகள் பறக்கும். பரியோவான் கல்லூரியின் நிறங்கள் சிவப்பும் கறுப்பும் ஆகும். கொட்டகைகள் அமைத்து, வாத்தியங்கள் முழங்கப் பாடியும் ஆடியும் மாணவர் தம் அணியை ஊக்குவிப்பர். போட்டிக்கு முன்னர் மாணவர் வாகனங்களில் கொடிகளுடன் நகரை வலம் வருவதும் உண்டு.

பழைய மாணவர் சங்கங்களுக்கு இப்போட்டி ஆண்டின் முதன்மையான ஒன்றுகூடலாகும். கொழும்பிலும் ஐக்கிய இராச்சியம், கனடா, ஆத்திரேலியா ஆகிய நாடுகளிலும் இயங்கும் கிளைகள் விளையாட்டு உபகரணம், பயிற்சியாளர் ஊதியம், திடல் சீரமைப்பு ஆகியவற்றுக்கு நிதி உதவுகின்றன. போரினால் உலகெங்கும் சிதறிய ஒரு சமூகத்துக்கு, ஊரில் நாள் குறித்து நடைபெறும் ஒரு நிகழ்வு என்னும் வகையில் இதன் முக்கியத்துவம் விளையாட்டைத் தாண்டியதாகும். தற்போது இணையவழி நேரடி ஒளிபரப்பின் மூலம் புலம்பெயர்ந்தோரும் போட்டியைக் காண்கின்றனர்.

விமர்சனங்கள்

ஒரு போட்டிக்கு அளவுக்கு மீறிய முதன்மை வழங்கப்படுவதால், ஏனைய விளையாட்டுகளும் வசதி குறைந்த பாடசாலைகளும் கவனம் பெறுவதில்லை என்னும் கருத்து உண்டு. ஆதரவாளரிடையே ஏற்படும் கைகலப்பு, மதுபானப் பாவனை, போட்டிக் காலத்தில் வகுப்புகள் தடைப்படுவது ஆகியனவும் இலங்கை முழுவதிலும் பெரும் போட்டிகள் தொடர்பாகக் குறிப்பிடப்படும் குறைகளாகும். தோல்வியைத் தவிர்ப்பதே நோக்கமாகிவிடுவதால் ஆட்டம் மந்தமாகிறது என்பது துடுப்பாட்டம் சார்ந்த விமர்சனமாகும். ஒருநாள் போட்டிகள் சேர்க்கப்பட்டமை இதற்கு ஓரளவு விடையாக அமைந்தது.

பிற நாடுகளில்

கல்வி நிறுவனங்களுக்கிடையே ஆண்டுதோறும் நடைபெறும் போட்டி ஒரு நகரின் விழாவாக மாறுவது பல நாடுகளில் காணப்படும் வழக்கமாகும். இங்கிலாந்தின் ஈட்டன், அரோ பாடசாலைகள் 1805 ஆம் ஆண்டில் இலண்டன் லோர்ட்சுத் திடலில் முதன்முதலாக மோதின. ஆத்திரேலியாவின் அடிலெயிடு நகரில் பிரின்சு ஆல்பிரட் கல்லூரிக்கும் சென் பீட்டர்சு கல்லூரிக்கும் இடையிலான போட்டி 1878 ஆம் ஆண்டில் தொடங்கியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கல்லூரி அணிகள் ஆடும் அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் "கிண்ணப் போட்டிகள்" இத்தகையன. அவற்றுள் மிகப் பழைய ரோஸ் கிண்ணம், கலிபோர்னியாவின் பாசதேனா நகரில் புத்தாண்டு மலர் ஊர்வலத்தின் பகுதியாக 1902 ஆம் ஆண்டில் தொடங்கியது. அதில் மிச்சிகன் பல்கலைக்கழகம் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தை 49–0 என வென்றது. அதன் பின்னர் நின்றுபோன போட்டி 1916 ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் நடைபெறலாயிற்று.

அமெரிக்கக் கிண்ணப் போட்டிகளில் நகரும் திடலும் நிலையானவை. போட்டியிடும் அணிகள் ஆண்டுதோறும் மாறும். அவை தகுதியின் அடிப்படையில் அழைக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்துப் போட்டிகளில் அணிகளே நிலையானவை. ஓர் ஆண்டில் இரு அணிகளும் வலுவிழந்திருந்தாலும் அப்போட்டி நடைபெறும், பார்வையாளரும் வருவர். மாணவர் சில ஆண்டுகளில் கல்லூரியை விட்டு நீங்கிவிடுகின்றனர். எனவே ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையிடமிருந்து ஓர் எதிரணியையும், அவ்வெதிரணியுடனான ஒரு நட்பையும் பெற்றுக்கொள்கிறது.